மொட்டைக் கோழி வைத்த முட்டைகள்

பிஸ்கட் டப்பா இல்லாமல் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஒரு முறைதான். அப்பாவுக்கு அண்ணன் அவர். கோலார் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் வருவார். ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் படம் போட்ட தகர டப்பா நிறைய பிஸ்கட். அந்த வருஷம் கார்த்திகையிலேயே வந்துவிட்டார். கூடவே பெரியம்மா, ஓர் இரும்புப் பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை. டப்பா படுக்கைக்குள் இருக்கும் என்று நான் காத்திருந்தேன். அம்மா படுக்கையை விரித்தபோது உள்ளே மருந்து பாட்டில்தான் இருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். நாகரசம்பட்டியை விட்டு பேரிகைக்கு வந்து அப்பா மாவு மில் வைத்திருந்தார். மில்லுக்குப் பின்பக்கமே வீடு. என்ஜின் ஓடும்போது எங்கள் சுவரும் சேர்ந்து நடுங்கும். பெரியப்பா வந்த பிறகு என்ஜின் நின்ற வேளைகளில் இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் இருமினால் முடிவதற்கு வெகுநேரமாகும். முடிந்ததும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார், ஏதோ வேடிக்கை காட்டி முடித்தவர் மாதிரி. நானும் சிரிப்பேன். பெரியவர்கள் யாரும் சிரிக்காதது எனக்கு விளங்கவில்லை.

ஓசூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பால் குடிக்க வேண்டும், தினமும் முட்டை சாப்பிட வேண்டும், வெயிலில் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பால் இருந்தது. வெயில் மார்கழிப் பனியைத் தாண்டி மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். முட்டைக்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் கோழி இல்லாமல் இல்லை. முந்தின வருஷம், விவசாயம், கோழி வளர்ப்பு சொல்லித்தர சர்க்கார் வைத்திருந்த கிராம சேவக் ஒருவர் வீடு வீடாக வந்து, வெள்ளை லெகான் என்ற சீமைச் சாதிக் குஞ்சுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்களிடம் நான்கு தேறின. உடம்பெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, முட்டையும் அதே வெள்ளை. ஐப்பசி வரைக்கும் கோழிகள் முட்டையாகப் போட்டுத் தள்ளின. சாப்பிட ஆளில்லாமல் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் கொடுத்தாள். பெரியப்பா வந்து இறங்கினாரோ இல்லையோ, பேசி வைத்துக்கொண்டது போல நான்கும் நிறுத்திவிட்டன. ஒரு கோழிக்குக் கழுத்து, முதுகு எல்லாம் இறகு கொட்டிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. நான் அதை மொட்டைச்சி என்று கூப்பிட்டேன்.

வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்குப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

“நம்ம கோழி வெச்சா சாப்பிடறேன். இப்பத்தான் மில்லு ஓட ஆரம்பிச்சிருக்குது. எனக்குன்னு நீ வெளியில முட்ட வாங்கினேன்னு தெரிஞ்சுது, அடுத்த பஸ்ஸுல ஏறிடுவேன்” என்றார்.

அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பாவைப் படிக்க வைத்தது அவர், மில்லுக்கு என்ஜின் வாங்க உதவியது அவர். இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கொடுக்கிற பழக்கமுள்ள ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதையும் வாங்க மாட்டேன் என்கிறார் என்பதுதான்.

ஆக, கோழிகளை முட்டை வைக்கச் செய்வது வீட்டின் தலையாய காரியமாயிற்று.

அம்மா ராகியை நம்பினாள். “நாம திங்கறதுதான் அதுக்கும்” என்று காலையில் சூடான களியைக் கிள்ளிப் போடுவாள். அப்பா மில்லில் சிந்திய தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் நம்பினார். பெரியம்மாவோ குளிர்தான் காரணம், உடம்பில் சூடு ஏற வேண்டும் என்று கம்பும் மிளகாய் விதையும் சேர்த்துப் போட்டாள். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் என்னைக் கூப்பிட்டுத்தான் போடச் சொன்னார்கள். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் குழப்பமும். சூடு வேண்டுமா, குளிர்ச்சி வேண்டுமா, அதிகம் போடணுமா, பட்டினி போடணுமா? கோழிகளுக்கும் அதே குழப்பம் இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு வயிறு கழிய ஆரம்பித்தது. இன்னொன்று உருண்டு திரண்டு நடக்கவே சோம்பல்பட்டது.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசும் அம்மா ஒருத்தி இருந்தாள். நாட்டுக்கோழிகளைக் கூட்டமாக வளர்த்தவள். எனக்குத் தெலுங்கு அப்போது அரைகுறை. ஒரு நாள் எங்கள் கோழிகளை வேலிக்கு மேலாகப் பார்த்து, “சலிகாலம் கோடி குட்டு பெட்டது” என்றாள். கோடி என்றால் கோழி, குட்டு என்றால் முட்டை என்பது எனக்குத் தெரியும். பெத்தது என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து, “முட்ட வெச்சிடுச்சி! முட்ட வெச்சிடுச்சி!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். பெரியம்மா கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு வந்தாள். பெரியப்பா கம்பளியோடு எழுந்து வந்தார். அப்பா மில்லை நிறுத்திவிட்டு வந்தார். வைக்கோலைக் கிளறிப் பார்த்தால் ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் கோழி முட்டை வைக்காது என்பதுதான் அவள் சொன்னது என்று அப்பா விளக்கினார். வைக்காது என்பதற்கு ஒருத்தி ஏன் பெட்டது என்று சொல்ல வேண்டும்? அன்று முழுக்க எனக்கு அதே யோசனை.

கிராம சேவக்கைக் கேட்டுவிடலாம் என்று அப்பா ஆள் அனுப்பினார். சைக்கிளில் வந்தார், கோழிகளைப் பார்த்தார், ஒரே வார்த்தையில் முடித்தார். கோழிக்குச் சரிவிகிதம் இல்லையாம். அது கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். அவர் மேலும் விவரித்திருக்கலாம். அதற்குள் நான் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டேன்.

“சரிவிகிதம் இருக்குதா?” என்று கேட்டேன்.

கடைக்காரர் கன்னடக்காரர். மூட்டைகளை ஒரு முறை நோட்டம் விட்டார். இல்லை என்று சொல்லி ஒரு வாடிக்கையை விட அவருக்கு மனசில்லை. “நாளெ பா” என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம். மறுநாளும் போனேன். வியாழக்கிழமை சரக்கு வரும் என்றார்.

இதைக் கேட்டுப் பெரியப்பா அப்படிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, பெரியம்மா ஓடி வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அதன் பிறகு கோழி விஷயத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டார். வேலையில்லாமல் உட்கார்ந்தே பழகாதவர் அவர். ஆளுக்கு ஒன்றைப் போட்டால் எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டு, கோழிகளைப் பிரித்தார். மூன்று கோழிகள் தனித்தனியாக, கவிழ்த்த மூங்கில் கூடைகளுக்குள். ஒன்றுக்கு அம்மாவின் ராகி, ஒன்றுக்கு அப்பாவின் தவிடும் புண்ணாக்கும், ஒன்றுக்குப் பெரியம்மாவின் கம்பும் மிளகாய் விதையும். மொட்டைச்சியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இறகு போன கோழி, உடம்பு சரியில்லாதது, பாவம், சும்மா விடு என்றார். அது மட்டும் வெளியே திரிந்து, சமையலறை வாசலில் கொட்டுகிற மிச்சம் மீதியைத் தின்றது. வாசலருகே ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் ராகி வைக்கோல் பரப்பி அதற்குப் படுக்கை போட்டிருந்தோம்.

எந்தக் கூடையில் முட்டை வரும் என்று வீடே காத்திருந்தது. அம்மா ராகிக் கூடைப் பக்கமே நின்றாள். அப்பா மில்லிலிருந்து தலையை நீட்டி நீட்டிக் கேட்பார். யாருடைய தீனி ஜெயிக்கும் என்று எனக்கு ஒரே ஆவல்.

முட்டை வந்தது, மொட்டைச்சியின் தகரத்தில்.

நான்தான் எடுத்தேன். பனியில் கிடந்ததால் சில்லென்றிருந்தது. கோழி வைத்த முட்டை கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஓடிப் போய்க் காட்ட வேண்டிய அவசரத்தில் அந்த எண்ணம் நிற்கவில்லை. பெரியப்பா முட்டையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேசாகப் பழுப்பேறி, சின்னதாக இருந்தது. பெரியம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

“பரவாயில்லியே, மொட்டைச்சி” என்றார் பெரியப்பா. அவித்துக் கொடுத்ததைச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் முட்டை வராத நாளே இல்லை. எப்போதும் மொட்டைச்சியின் தகரத்தில்தான். அது தகரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் மில் சுவரோரம் வெயிலில் ஒடுங்கி நின்றிருக்கும். அது என்ன தின்கிறது என்று கூடவே அலைந்து பார்த்தேன். அவரைக்காய் நார், குழம்பில் கிடந்த கத்திரிக்காய்க் காம்பு, களிப் பானையின் அடியில் வழித்த மிச்சம். அதில் எது முட்டையாகிறது? முதல் நாள் வீட்டில் அவரைக்காய் இல்லை, முட்டை இருந்தது. மறுநாள் களி இல்லை, முட்டை இருந்தது. ஒரு நாள் அது ஒன்றுமே தின்னாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அன்றைக்கும் முட்டை இருந்தது. என் மூளைக்கு எட்டிய எந்த வழியிலும் அந்தக் கோழி அடங்கவில்லை.

பிறகு அந்தக் காலை. எதிரில் இருக்கிற புளியமரம் தெரியாத அளவுக்குப் பனி. தகரத்துக்குள் கைவிட்டேன். ஒரு முட்டை. பக்கத்தில் இன்னொன்று. வைக்கோலுக்கடியில் மூன்றாவது. மூன்றும் மூன்று அளவு, ஒன்றில் சந்தைக்காரர்கள் இடுகிற கரிக்கோடு மாதிரி ஏதோ தீற்றல் வேறு. பாவாடையில் ஏந்திக்கொண்டு போய்ப் பெரியப்பா முன்னால் வைத்தேன். அப்பா, அம்மா, பெரியம்மா மூவரும் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

“ஒரு கோழி ஒரே நாள்ல மூணு வெக்குமா பெரியப்பா?” என்று கேட்டேன்.

அப்பாவுக்கு மில்லில் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பெரியப்பா மூன்று முட்டைகளையும் தன் உள்ளங்கையில் வரிசையாக அடுக்க முயன்றார். அவர் விரல்கள் முன்பு போல இல்லை, ஒன்று உருண்டு மடியில் விழுந்தது. “மனசு இருந்தா வெக்கும் பாப்பா” என்றார்.

நான் மொட்டைச்சியைப் பார்க்கப் போனேன். அதற்கு மனசு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அம்மா இதைச் சொல்லிச் சிரித்தாள். என்ஜினுக்குக் குரூடாயில் வாங்க ஓசூர் போகிறபோதெல்லாம் அப்பா முட்டையை வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்து மில்லில் ஒளித்து வைத்திருக்கிறார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவின் கோழிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு எப்போதாவது வைத்ததைப் பெரியம்மா கெஞ்சி வாங்கியிருக்கிறாள். அம்மா சந்தையில் வாங்கியிருக்கிறாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. “நான் வெச்சது ஒண்ணுதான். மீதி ரெண்டு எங்கிருந்து வந்துச்சின்னு அன்னிக்கு எனக்கே புரியல. கோழிதான் வெச்சிடுச்சோன்னு நெனச்சேன்” என்றாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து கிராம சேவக் மறுபடி வந்தார். முட்டை வருகிறது என்று கேள்விப்பட்டு அவருக்கு ஒரே உற்சாகம். எந்தக் கோழி என்று கேட்டார். நான் பெருமையோடு மொட்டைச்சியைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் முகம் மாறியது. இறகு உதிர்க்கிற கோழி முட்டை வைக்காது, தின்பதெல்லாம் புது இறகுக்கே போய்விடும் என்றார். என்ன தீனி என்று கேட்டார். அம்மா ராகி என்றாள், அப்பா தவிடு என்றார், பெரியம்மா கம்பு என்றாள். எல்லாம் ஒரே மூச்சில். நான் கத்திரிக்காய்க் காம்பு என்றேன். அவர் தட்டில் இருந்த முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“லெகான் முட்ட சுத்த வெள்ளையா இல்ல இருக்கணும்? இது பழுப்பா இருக்குதே…”

“காப்பி சாப்பிடறீங்களா சார்?” என்றாள் அம்மா.

பெரியப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்: “பனி சார். இந்த ஊரு பனிக்குக் கொஞ்சம் கலர் ஏறிடுது.”

கிராம சேவக் அவரைப் பார்த்தார். பிறகு அம்மாவை, பெரியம்மாவை, அப்பாவை. முட்டையை மெதுவாகத் தட்டிலேயே வைத்தார். “இருக்கலாம், இருக்கலாம்” என்றார்.

பனியில் வெளியே நின்றால் உதடு கறுக்கிறது, கை கறுக்கிறது, முட்டையும் கறுக்கும் போலிருக்கிறது. இதை நான் பள்ளிக்கூடத்தில் பலரிடம் சொன்னேன். பெரியம்மா மட்டும் அன்று சாயங்காலம் வரை பெரியப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று தெரியவில்லை. அவர் இருமக்கூட இல்லை.

கிராம சேவக் போகுமுன் சரிவிகிதம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். அது ஒரு பொருளே இல்லையாம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பதாம். உடைத்த ராகியும் கம்பும் பாதி. தவிடும் புண்ணாக்கும் அடுத்தபடியாக. கருவாட்டுத் தூள் ஒரு பிடி. பச்சைக்கு அகத்திக்கீரையோ முருங்கைக்கீரையோ. ஓடு கெட்டிப்பட இடித்த கிளிஞ்சல் தனியாக ஒரு சட்டியில். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். அதாவது, வீட்டில் எல்லோரும் சொன்னது சரிதான், ஆனால் யார் சொன்னதும் தனியாகச் சரியில்லை. இது எப்படி என்று எனக்கு இன்னும் குழப்பமாகப் போயிற்று. பெரியப்பாவுக்கோ அது மிகவும் பிடித்துப்போயிற்று. கூடைகளைத் திறந்துவிடச் சொன்னார். தினமும் காலையில் முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவரும் நானும் தீனி கலப்போம். அவர் பிடியால் அளப்பார், நான் கையால் கலப்பேன். கருவாட்டு நாற்றம் குளித்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்தாள். அவர் பிடி நாளாக ஆகச் சின்னதாயிற்று. “உன் பிடியில அள்ளு பாப்பா, ரெண்டும் இப்ப ஒண்ணுதான்” என்றார் ஒரு நாள். நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மாசி பிறந்ததும் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. நான் முறத்தை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு போய்க் காட்டுவேன். கண்ணால் பார்த்துத் தலையசைப்பார். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மில் என்ஜின் ஓடவில்லை. வாசல் நிறைய ஆட்கள். என்னை எதிர்வீட்டு அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். தெலுங்கில் ஏதேதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பின்பு, கோழிகள் முட்டை வைக்கத் தொடங்கின. பனி போய்விட்டிருந்தது. மொட்டைச்சிக்குக் கழுத்தில் புது இறகு முளைத்துப் பளபளத்தது. முதல் முட்டையை நான் எடுத்தபோது உள்ளங்கை சுட்டது. ஒரு பொட்டுக் கறையில்லாத வெள்ளை. ஒன்றல்ல, நான்கு கோழிகளும் போட்டி போட்டுக்கொண்டு வைத்தன. அவர் சொல்லித் தந்தபடி பிடி பிடியாக அளந்து தீனி போட்டது வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமை.

ஆனால் முட்டையை யாரும் சாப்பிடவில்லை. பெரியம்மாவிடம் நீட்டினேன். கையில் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அப்பாவுக்கு அம்மா அவித்து வைத்தாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, களியை மட்டும் விழுங்கி எழுந்தார். அம்மா தட்டிலிருந்ததை எடுத்து மூடி வைத்தாள், தானும் தொடவில்லை. கூடை நிறைய நிறைய முட்டைகள் எதிர்வீட்டுக்குப் போயின.

அத்தனை நல்ல முட்டையை ஏன் ஒருவரும் தொட மாட்டேன் என்கிறார்கள்? கோழிகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யோசித்தேன். ராகியில் குறையில்லை. தவிடு நன்றாகத்தான் இருந்தது. கீரை அன்றைக்குப் பறித்தது. கடைசியில் என் கையை முகர்ந்து பார்த்தபோது விஷயம் பிடிபட்டது போலிருந்தது. முட்டையில் நாற்றம் இறங்கியிருக்க வேண்டும். பெரியவர்கள் சொல்ல முடியாமல் ஒதுக்குகிறார்கள்.

மறுநாள் காலை முறத்தில் எல்லாவற்றையும் எப்போதும் போல அளந்து போட்டேன். கருவாட்டுத் தூளை மட்டும் விட்டுவிட்டேன்.